மதுரையில் ஒரு சாயங்காலம் சாப்பிடுவது எப்படி?

மதியம் அளவோடு நிறுத்திக்கொள்ளுங்கள். நாலு மணி வாக்கில் மேலச் சித்திரை வீதியில் கோபு ஐயங்கார் கடை. வெள்ளையப்பம் சூடாக வந்ததும் சட்னியோடு உடனே சாப்பிட்டுவிட வேண்டும், ஆறினால் சுகம் போய்விடும். அப்புறம் நடந்தே விளக்குத்தூண் போய் ஒரு ஜிகர்தண்டா. பாதாம் பிசின் அடியில் கிடக்கும், கிளறிவிட்டுக் குடியுங்கள்.

இரவுக்கு சிம்மக்கல் கோனார் கடை. கறிதோசைதான் கேட்க வேண்டும். தடித்த தோசை, அதன்மேல் முட்டை, அதற்கும் மேல் மசாலாவில் வெந்த கொத்துக்கறி. அப்படியே திருப்பிப் போட்டு வேகவிடுவார்கள். கறி கல்லில் படும்போது எழும் வாசனைக்காகவே நான் கல்லுக்குப் பக்கத்தில் இடம் பார்த்து உட்காருவேன். சின்ன வயதில் அப்பா கூட்டிப்போனபோது பழகியது. ஆளுக்கொன்று சொல்லாதீர்கள், இரண்டு பேருக்கு ஒன்று போதும். முதல் வாய் குழம்பு தொடாமல் சாப்பிட்டுப் பாருங்கள். கறியின் ருசி தனியாகத் தெரியும். மீதிக்குக் குழம்பைத் தாராளமாக ஊற்றிக்கொள்ளலாம்.

திரும்பும் வழியில் பருத்திப்பால் வண்டி கண்ணில் பட்டால் நில்லுங்கள். கருப்பட்டியும் சுக்கும் சேர்ந்த அந்தச் சூடு, கறி சாப்பிட்ட வயிற்றுக்கு அவ்வளவு இதம்.