ஆணி அடிக்காமல் வாடகை வீட்டை வடிவாக்குவது எப்படி?

திருகோணமலையில் உப்புவெளிப் பக்கம் ஒரு மாடி வீட்டுக்கு நாங்கள் குடிவந்த அன்றே வீட்டுக்கார அன்ரி சொல்லிவிட்டார்: "என்னவும் வையுங்கோ பிள்ளை, சுவரில ஆணி மட்டும் அடிக்காதேங்கோ." இரண்டு வருடமாக அந்தச் சொல்லைக் காப்பாற்றிக்கொண்டே வீட்டை எங்களுக்குப் பிடித்த மாதிரி மாற்றியிருக்கிறோம். செய்த ஒழுங்கிலேயே எழுதுகிறேன்.

1. முதலில் படம் எடுங்கள்

சாமான் இறக்குமுன் ஒவ்வொரு சுவரையும், ஏற்கனவே உள்ள கீறல்களையும் ஃபோனில் படம் எடுத்து, அன்றைக்கே வீட்டுக்காரருக்கு வாட்ஸப்பில் அனுப்பிவிடுங்கள். முற்பணம் திரும்ப வாங்கும் நாளில் இரண்டு பக்கத்துக்கும் கதை சுருக்கமாக முடியும்.

2. சுவரைத் தடவிப் பாருங்கள்

நான் வழுக்கிய இடம் இதுதான், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். ஆணி வேண்டாம் என்றதும் இழுத்தால் கழன்று வரும் ஒட்டுப்பட்டை ஒரு பெட்டி வாங்கி, நாலு படச்சட்டங்களைக் கொழுவினேன். மார்கழி மழையில் ஒரு நாள் விடியப்புறம் சத்தம். போய்ப் பார்த்தால் இரண்டு சட்டங்கள் நிலத்தில். பட்டையின் முதுகில் உள்ளங்கை அகலத்துக்குப் பெயின்ட் உரிந்து ஒட்டியிருந்தது. பட்டையில் பிழை இல்லை. அது பெயின்ட்டை நன்றாகவே பிடித்திருந்தது, பெயின்ட்தான் சுவரைப் பிடித்திருக்கவில்லை.

இங்கே பழைய வீடுகள் பலவற்றில் டிஸ்டெம்பர் என்கிற, தண்ணீரில் கரைத்துப் பூசும் சுவர்ப்பூச்சுத்தான் பூசியிருப்பார்கள். அது காலப்போக்கில் மாவாகும். ஐப்பசியிலிருந்து தை வரை வாடைக்காற்று கடலிலிருந்து ஈரத்தையும் உப்பையும் கொண்டுவரும். சுவருக்குள் ஈரம் ஏறிக் காயும்போது உப்பு பூத்து, பெயின்ட்டைப் பின்னாலிருந்து தள்ளும். அதனால் ஒட்டுமுன் இதைச் செய்யுங்கள்:

ஒரு கறுப்புத் துணியால் சுவரை அழுத்தித் தடவுங்கள். துணியில் வெள்ளை மா ஒட்டினால் அந்தச் சுவரில் எதையும் ஒட்டாதீர்கள். மா வராவிட்டால், அலுமாரிக்குப் பின்னால் மறைவான இடத்தில் விரல் நீளத்துக்கு மாஸ்கிங் டேப் ஒட்டி, ஒரு நாள் விட்டு மெதுவாக உரியுங்கள். டேப் சுத்தமாக வந்தால் அந்தச் சுவரில் ஒட்டலாம்.

ஒட்டும் இடத்தைச் சவர்க்காரத் தண்ணீரால் துடைக்க வேண்டாம், அது மெல்லிய படலம் விட்டுப்போகும். ஃபார்மசியில் கிடைக்கும் ஸ்பிரிட்டால் துடைத்துக் காயவிட்டு, பட்டையை அரை நிமிடம் அழுத்துங்கள். படத்தை உடனே கொழுவாமல் ஒரு மணி நேரமாவது பொறுங்கள். பெட்டியில் போட்டிருக்கும் எடையில் பாதிக்கு மேல் நான் ஏற்றுவதில்லை. படுக்கைத் தலைமாட்டில் எதையும் ஒட்டுவதே இல்லை.

3. சுவரை விட்டு யன்னலைப் பிடியுங்கள்

எங்கள் ஊர் வீடுகளில் யன்னலுக்குக் கம்பி இருக்கும். பாரம் தாங்க அதைவிட நல்ல இடம் இல்லை. எஸ் கொக்கி நாலு வாங்கிச் செடிச்சாடி, சின்னக் கூடை என்று கொழுவலாம். இரும்புக் கொக்கி வாங்க வேண்டாம், கடற்காற்றில் சீக்கிரமே துருப்பிடித்து யன்னல் பெயின்ட்டில் கறையை இறக்கிவிடும். பித்தளை அல்லது ஸ்டெயின்லெஸ் வாங்குங்கள்.

திரைக்கு ஸ்பிரிங் கம்பி, அதாவது உள்ளே ஸ்பிரிங் வைத்த, நீட்டிச் சுருக்கக்கூடிய கம்பி போதும். இரண்டு பக்கச் சட்டத்துக்கும் நடுவில் முறுக்கி இறுக்கினால் நிற்கும். ஆனால் கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் ஒற்றைத் திரை கப்பல் பாய் மாதிரிக் காற்றை வாங்கிக் கம்பியையே இழுத்து விழுத்தும். ஒடுக்கமான இரண்டு திரைகளாகப் போட்டு, காற்று நேரத்தில் நடுவில் கட்டிவிடுங்கள். நான் அம்மாவின் பழைய பருத்திச் சேலையை இரண்டாக வெட்டித் தைத்தேன். வெயில் அதற்குள்ளால் வரும்போது அறை முழுக்க மஞ்சளாகிவிடும், அவ்வளவு வடிவு.

4. விளக்கை மாற்றுங்கள்

குறைந்த காசில் கூடிய மாற்றம் இதில்தான். வெள்ளை வெளிச்சம் தரும் பல்பைக் கழற்றி, 2700 கெல்வின் என்று போட்டிருக்கும் மஞ்சள் எல்ஈடியைப் போடுங்கள். ஹோல்டர் பின் வகையா, மரை வகையா என்று பார்த்து வாங்குங்கள். பழைய பல்பைப் பெட்டியிலே பத்திரப்படுத்தி வைத்தால் போகும்போது திரும்ப மாட்டலாம்.

5. நிலத்தையும் சாய்வையும் பயன்படுத்துங்கள்

மாவாகும் சுவருக்குப் படம் வேண்டுமென்றால் அலுமாரிக்கு மேலே சாய்த்து வையுங்கள். தரையில் பன்பாய் (பன் புல்லில் இழைத்த பாய்) நல்லது, பிளாஸ்டிக் பாயை எனக்குப் பிடிக்காது. மாரியில் கிழமைக்கு ஒரு தடவையாவது தூக்கிக் காற்றாட விடுங்கள், இல்லாவிட்டால் அடியில் பூஞ்சணம் பிடிக்கும்.

6. கழற்றும் முறை

பட்டையின் வாலைச் சுவரோடு ஒட்டினபடியே, நேர் கீழாக, மெதுவாக இழுங்கள். உங்கள் பக்கமாக இழுத்தால் பெயின்ட்டும் வரும். வால் அறுந்துபோனால் ஹெயார் ட்ரையரால் கொஞ்சம் சூடாக்கி, மீன்பிடிக்கிற தங்கூஸ் நூலைச் சட்டத்துக்குப் பின்னால் விட்டு வாள் அறுப்பதுபோல அறுத்தெடுக்கலாம். மிஞ்சிய பசையை விரலால் உருட்டி எடுங்கள். தேங்காய் எண்ணெய் டைல்ஸுக்கும் கண்ணாடிக்கும் மட்டும்தான், சுவரில் பட்டால் எண்ணெய்க் கறை நின்றுவிடும்.

பின்சேர்க்கை

இதைப் படித்த இருவர் கேட்ட விஷயங்கள். கஞ்சி பூசித் துணியைச் சுவரில் ஒட்டலாமா என்று ஒருவர் கேட்டார். டிஸ்டெம்பர் சுவரில் வேண்டாம், கழற்ற நனைக்கும்போது பூச்சும் சேர்ந்து கரைந்து வரும். அதோடு கஞ்சிக்குக் கரப்பானும் வரும்.

மற்றவர் ஸ்பிரிங் கம்பி வழுக்காமலிருக்கச் சைக்கிள் டியூப் துண்டு வைத்திருக்கிறார். கழற்றியபோது யன்னல் சட்டத்தில் கறுப்பு வட்டம், தேய்த்தும் போகவில்லையாம். கறுப்பு ரப்பர் பெயின்ட்டில் அப்படித்தான் ஊறும். தடித்த பருத்தித் துணியை நாலாக மடித்து வையுங்கள், நான் அதைத்தான் வைத்திருக்கிறேன்.