டோரன்ட் ஓடினால் நெட் கட் ஆகிறதா?

டோரன்ட்டில் (பலருடைய கம்ப்யூட்டர்கள் ஒன்றுக்கொன்று ஃபைலைப் பகிர்ந்துகொள்ளும் முறை) பெரிய ஃபைல் ஏறும்போது மட்டும் நெட் நின்று நின்று வந்தால், கேபிள்காரருக்குப் போன் போடுமுன் மோடத்தின் லைட்டைப் பாருங்கள். எல்ஓஎஸ் (LOS) என்ற இடத்தில் சிவப்பு எரிந்தால் ஃபைபரில் கோளாறு. வயர் ஜன்னல் இடுக்கில் மடங்கி நசுங்கியிருக்கலாம். அதை லைன்மேன்தான் பார்க்க வேண்டும்.

சிவப்பு இல்லையா? பெரும்பாலும் அப்லோடுதான் காரணம். அது முழுக்க அடைத்துக்கொண்டால், 'வந்து சேர்ந்தது' என்று கம்ப்யூட்டர் அனுப்பும் சின்னப் பதில்கூட வரிசையில் மாட்டும். டவுன்லோடும் சேர்ந்து படுத்துவிடும். அப்லோடு வேகத்தில் 80 சதவீதத்தோடு நிறுத்துங்கள். அப்லோடு 40 எம்பிபிஎஸ் (நொடிக்கு 40 மெகாபிட்) லைன் என்றால் 32. ஆனால் டோரன்ட் மென்பொருள் கேட்பது கிலோபைட் கணக்கு. 8 பிட் ஒரு பைட் என்பதால், 32-ஐ 8-ஆல் வகுத்தால் 4 மெகாபைட்; அதை 4000 என்று போட வேண்டும். இங்கேதான் பலர் கோட்டைவிடுகிறார்கள்.

கியூபிட்டாரன்ட் என்ற டோரன்ட் மென்பொருளில் மொத்த இணைப்பு 500 என்று இருக்கும். விலை குறைந்த ரவுட்டர் அத்தனையும் திறந்தால் திணறித் தொங்கிவிடும். 150 தாராளம்.

இன்னொன்று, மதுரைச் சித்திரை வெயிலில் தகரக் கூரைக்கடியில், பரண்மேல் ரவுட்டர் கொதித்துக்கொண்டிருந்தால் எந்த செட்டிங்கும் கைகொடுக்காது. கீழே இறக்கி, சுவரிலிருந்து நாலு விரல் தள்ளி வையுங்கள்.