நீண்ட வெளிநாட்டுப் பயணத்துக்கு முன் ஒரு குளிர்கால விடுமுறை: இருவராகத் திட்டமிடுவது எப்படி?

டிசம்பர் கடைசியில் பத்து நாள் விடுமுறை. பிப்ரவரி முதல் வாரத்தில் ஆறு மாதத்துக்கு வெளிநாடு. இடையில் மிஞ்சுவது ஐந்து வாரம். முதல் தடவை இப்படி அமைந்தபோது நானும் என் கணவரும் இரண்டையும் தனித்தனிப் பயணமாக நினைத்தோம். விடுமுறைக்கு ஒரு பட்டியல், பெரிய பயணத்துக்கு இன்னொரு பட்டியல். இரண்டு பட்டியலிலும் பாஸ்போர்ட் இருந்தது. பாஸ்போர்ட் என்னவோ ஆளுக்கு ஒன்றுதான்.

விடுமுறைக்கு எல்லை தாண்டிப் போக ரயில் டிக்கெட் எடுத்து வைத்திருந்தோம். கிளம்பும் நாளில் எங்கள் பாஸ்போர்ட்டுகள் பெரிய பயணத்தின் விசாவுக்காக ஒரு அலுவலகத்தின் இரும்பு அலமாரிக்குள் இருந்தன. டிக்கெட் காசு திரும்பி வரவில்லை. அதற்கப்புறம் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன். சுருக்கமாகச் சொன்னால், விடுமுறையைப் பெரிய பயணத்தின் முதல் பகுதியாகவே நினைத்துத் திட்டமிட வேண்டும். ஒத்திகை என்றும் வைத்துக்கொள்ளலாம்.

படி 1: பின்னாலிருந்து எண்ணுங்கள்

நவம்பர் முதல் பிப்ரவரி வரை நான்கு மாதத் தாள்களை மேஜையில் வரிசையாக வையுங்கள். ஃபோனில் பார்த்தால் ஒரு மாதம்தான் கண்ணில் படும், அது போதாது. முதலில் விமானம் ஏறும் நாளை வட்டமிடுங்கள். அதற்கு முந்தைய பத்து நாட்களின் மேல் குறுக்காகக் கோடு போடுங்கள். அந்தப் பத்து நாளில் எந்த ஊரும் கிடையாது, யார் வீட்டிலும் இரவு தங்கல் கிடையாது. பனியால் விமானம் ரத்தானாலும், இருவரில் ஒருவருக்குக் காய்ச்சல் வந்தாலும், அந்த நாட்கள்தான் தாங்கிப் பிடிக்கும்.

பிறகு விசா, தடுப்பூசி, பல் மருத்துவர் என்று நாள் மாற்ற முடியாதவற்றை எழுதுங்கள். விடுமுறை கடைசியாகத்தான் தாளில் ஏற வேண்டும். ஆசை முதலில் அதன் மேல்தான் போகும் என்பது தெரியும். இருந்தாலும் வரிசை இதுதான்.

படி 2: பாஸ்போர்ட் எந்த நாளில் எங்கே இருக்கும்?

இதைத் தனி நிறத்தில் குறியுங்கள். விண்ணப்பம் கொடுக்கும் நாளிலிருந்து திரும்பக் கைக்கு வரும் நாள் வரை ஒரு நீளக் கோடு. ஷெங்கன் விசா (ஐரோப்பாவின் 29 நாடுகள் சேர்ந்த ஷெங்கன் பகுதிக்கான பொது விசா) என்றால் பொதுவாக 15 நாளில் முடிவு வரும், கூடுதல் ஆவணம் கேட்டால் 45 நாள் வரை இழுக்கலாம். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்க முடியும் என்பதால், டிசம்பரில் போய் நிற்க வேண்டிய தேவையே இல்லை. டிசம்பர் கடைசி வாரத்தில் பல தூதரகங்களும் விசா மையங்களும் விடுமுறையில் இருக்கும். அந்த நாட்களையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். அந்தக் கோடு விடுமுறையின் மேல் விழுந்தால் உள்நாட்டிலேயே சுற்றுங்கள். சண்டையே வேண்டாம்.

பாஸ்போர்ட் முடியும் தேதியையும் அப்படியே பாருங்கள். நாட்டுக்குள் நுழையும்போது ஆறு மாதம் மிச்சமிருக்க வேண்டும் என்று கேட்கும் நாடுகள் நிறைய. ஷெங்கன் பகுதியிலோ அங்கிருந்து கிளம்பும் நாளுக்குப் பிறகு மூன்று மாதம் இருக்க வேண்டும், பாஸ்போர்ட்டும் கடந்த பத்து ஆண்டுக்குள் வழங்கியதாக இருக்க வேண்டும்.

இன்னொரு கணக்கைப் பலரும் கோட்டை விடுகிறார்கள். விடுமுறையும் பெரிய பயணமும் ஷெங்கன் பகுதிக்குள்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். குறுகிய காலத் தங்கலுக்கு அங்கே விதி, எந்த 180 நாளை எடுத்தாலும் 90 நாளுக்கு மேல் இருக்கக் கூடாது. டிசம்பர் 22 முதல் 31 வரை விடுமுறைக்குப் போய் வந்தால் பத்து நாள் செலவாகிவிட்டது. வந்த நாளும் கிளம்பிய நாளும்கூட இந்தக் கணக்கில் சேரும். பிப்ரவரி 1 அன்று மறுபடி நுழைந்தால் 80 நாள்தான் பாக்கி, அதாவது ஏப்ரல் 21 வரை. விடுமுறைக்குப் போகாமல் இருந்திருந்தால் மே 1 வரை இருந்திருக்கலாம். (லீப் வருடமென்றால் இரண்டு தேதியும் ஒரு நாள் முன்னால் வரும்.) நாடு மாறினாலும் இந்த எண்ணிக்கை புதிதாகத் தொடங்காது, 29 நாடுகளுக்கும் சேர்த்து ஒரே கணக்குதான்.

படி 3: ஊசிகளுக்கு நாள் குறியுங்கள்

பயணத்துக்குக் குறைந்தது நான்கு முதல் ஆறு வாரம் முன்பு பயண மருத்துவரைப் பார்க்கச் சொல்வார்கள். பிப்ரவரியில் கிளம்புகிறவர்களுக்கு அந்தக் காலம் சரியாக விடுமுறைக்குள் போய் விழும். அதனால் நவம்பரிலேயே போய்விடுங்கள்.

ஏன் முன்கூட்டி என்றால், பல ஊசிகளுக்கு இடைவெளி உண்டு. மஞ்சள் காய்ச்சல் ஊசிச் சான்றிதழ் போட்டதிலிருந்து பத்தாவது நாளில்தான் செல்லுபடியாகும். (நல்ல செய்தி, 2016 ஜூலையிலிருந்து அது ஆயுளுக்கும் செல்லும்.) வழக்கமான அட்டவணைப்படி ஹெபடைடிஸ் பி ஊசியின் மூன்று தவணைக்கு ஆறு மாதம் ஆகும். ஃப்ளூ ஊசி வேலை செய்யத் தொடங்கவே சுமார் இரண்டு வாரம் ஆகும். விடுமுறையில் வீடு வீடாகப் போய் எல்லாரையும் கட்டிப்பிடிக்கப் போகிறீர்கள் என்றால், அதற்கும் இரண்டு வாரம் முன்பே அதைப் போட்டுக்கொள்வது நல்லது. எந்த ஊசி யாருக்குத் தேவை என்பதை மருத்துவர் சொல்லட்டும்.

படி 4: யாரைப் பார்ப்பது?

எங்களுக்கு உண்மையிலேயே கடினமாக இருந்தது இந்தப் படிதான். விசா படிவத்தில் கேள்வி இருக்கும், பதில் எழுதலாம். “கிளம்புவதற்கு முன்னால் எங்கள் வீட்டுக்கு எப்போது வருகிறீர்கள்?” என்று எட்டுப் பேர் கேட்டால் என்ன எழுதுவது?

நாங்கள் செய்தது இது. ஆளுக்கு ஒரு தாளை எடுத்துக்கொண்டு தனித்தனியாக உட்கார்ந்தோம். ‘இவரைப் பார்க்காமல் போனால் மனசு உறுத்தும்’ என்று தோன்றும் பெயர்களை மட்டும் எழுதினோம். பிறகு தாள்களை அருகருகே வைத்தோம். என் தாளில் ஆறு பெயர், அவர் தாளில் நான்கு. இரண்டிலும் இருந்தவை இரண்டே இரண்டு. அந்த இரண்டு வீடுகளுக்கும் இரண்டிரண்டு இரவுகள். மீதிப் பெயர்களில் ஆளுக்கு இரண்டு தேர்ந்தெடுத்தோம், வீட்டுக்கு ஓர் இரவு. ஓரிடத்துக்கு அவர் மட்டும் போனார், நான் வரவில்லை என்று யாரும் வருத்தப்படவில்லை. மற்றவர்களைப் பாதி வழியில் ஓர் ஊரில் சேர்ந்து பார்த்தோம்.

பத்து நாளில் ஆறு ஊருக்கு மேல் வைக்காதீர்கள். இரண்டு நாளாவது நீங்கள் இருவர் மட்டும் எங்கேயாவது சும்மா இருங்கள். பெரிய பயணத்தில் ஆறு மாதம் சேர்ந்துதானே இருக்கப் போகிறோம் என்று அவர் கேட்டார். அது வேறு, இது வேறு.

வட அரைக்கோளத்தில் பயணம் என்றால் பகல் வெளிச்சத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். டிசம்பர் 21 வாக்கில் லண்டனில் எட்டு மணி நேரத்துக்கும் குறைவாகவே பகல், ஆஸ்லோவில் ஆறு மணி நேரம்கூட இராது. காரில் போகிறவர்கள் ஒரு நாள் ஓட்டத்தை அந்த வெளிச்சத்துக்குள் முடிக்கப் பாருங்கள்.

படி 5: டிக்கெட், காப்பீடு

ஒரு தவறைச் செய்யவிருந்து கடைசி நேரத்தில் தப்பித்தோம். பெரிய பயணத்தின் விமானம் வழியில் மாறும் நகரத்தில்தான் என் நாத்தனார் இருக்கிறார். ‘விடுமுறைக்கு அங்கே போய் அப்படியே இருந்துவிட்டு, இரண்டாவது விமானத்தில் ஏறிக்கொள்ளலாமே’ என்று நினைத்தோம். கூடாது. ஒரே டிக்கெட்டில் முதல் விமானத்தில் ஏறாவிட்டால், மீதி விமானங்களில் உங்கள் இருக்கையைப் பெரும்பாலும் ரத்து செய்துவிடுவார்கள். அந்த நகரத்திலிருந்து கிளம்ப வேண்டுமென்றால் டிக்கெட்டையே அங்கிருந்து தொடங்கி எடுக்க வேண்டும்.

காப்பீட்டை டிக்கெட் எடுத்த கையோடு எடுங்கள். கிளம்பும் முன்பே பயணம் ரத்தாக வேண்டி வந்தால், காப்பீடு அதற்கு முன்பே நடைமுறையில் இருந்திருக்க வேண்டும். பனிச்சறுக்கு போன்றவற்றுக்குப் பல திட்டங்களில் தனியாகப் பணம் கட்ட வேண்டும். என் கருத்து கேட்டால், ஐந்து வாரத்தில் பெரிய பயணம் இருக்கும்போது பனிச்சறுக்கே வேண்டாம். மாவுக்கட்டுக் காலோடு நீண்ட விமானப் பயணம் எப்படி இருக்கும் என்று ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள்.

படி 6: விடுமுறையை ஒத்திகையாக்குங்கள்

பெரிய பயணத்துக்கு எடுத்துப் போகப் போகும் அதே பெட்டி, அதே செருப்பு, அதே மருந்துப் பையோடு விடுமுறைக்குக் கிளம்புங்கள். சக்கரம் ஆடுகிறதா, பிடி கழன்று வருகிறதா என்பது பத்து நாளில் தெரிந்துவிடும். எடை பார்க்கத் தனிக் கருவி வேண்டாம். வீட்டு எடை இயந்திரத்தில் முதலில் நீங்கள் மட்டும் நில்லுங்கள், பிறகு பெட்டியைத் தூக்கிக்கொண்டு நில்லுங்கள், முதல் எண்ணைக் கழியுங்கள். காற்றை உறிஞ்சும் பைகளைப் பற்றி ஒரு வார்த்தை: அவை இடத்தைக் குறைக்கும், எடையைக் குறைக்காது. கம்பளிக் கோட்டு அப்பளம் போல மடங்கிவிட்டதே என்று இன்னும் நான்கை அடுக்கி, செக்-இன் வரிசையில் பெட்டியைத் திறந்து உட்கார்ந்தவள் நான்.

இருவர் துணியையும் இரண்டு பெட்டியிலும் பாதிப் பாதியாகப் பிரித்து வையுங்கள். ஒரு பெட்டி வராமல் போனாலும் இருவருக்கும் மாற்றுத்துணி இருக்கும். பெட்டி தாமதமாக வந்தால், கைக்குக் கிடைத்த 21 நாளுக்குள் விமான நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் தர வேண்டும், சேதமென்றால் 7 நாளுக்குள். 1999 மான்ட்ரியல் ஒப்பந்தம் பொருந்தும் பயணங்களுக்கு இதுதான் விதி. பவர் பேங்க் கைப்பையில்தான் இருக்க வேண்டும், பெட்டிக்குள் போகக் கூடாது. பொதுவாக 100 வாட்-மணி (Wh) வரை கேள்வியில்லை, 100 முதல் 160 வரை விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும், அதற்கு மேல் கிடையாது.

அடுத்தது ஓடிபி. வங்கியிலிருந்து வரும் குறுஞ்செய்தி எந்த எண்ணுக்கு வருகிறது? வெளிநாட்டில் வேறு சிம் போட்டால் அது எங்கே போகும்? விடுமுறையில் சோதித்துப் பாருங்கள். பழைய எண்ணை ரோமிங்கில் வைத்து, டேட்டாவுக்கு மட்டும் இ-சிம் போட்டு, ஏதாவது ஒரு சின்னத் தொகையைக் கட்டிப் பாருங்கள். எங்களுக்கு என் எண்ணில் வந்தது, அவர் எண்ணில் வரவில்லை. வீட்டுக்கு வந்து மாற்றிக்கொள்ள நேரம் இருந்தது. இதே பிப்ரவரியில் தெரிந்திருந்தால் கணக்கில் பணம் இருந்தும் கை வெறுமைதான்.

கடுங்குளிரில் ஃபோன் பேட்டரி சட்டென்று இறங்கும், சட்டையின் உள்பையில் வையுங்கள். கேமராவை வெளியிலிருந்து சூடான அறைக்குள் கொண்டுபோகும் முன் ஒரு ஜிப் பையில் போட்டு மூடுங்கள். நீர்த்துளிகள் லென்ஸில் படியாமல் பையின் வெளிப்புறத்தில் படியும். காருக்கு டயர் காற்று: வெப்பம் ஐந்தாறு டிகிரி செல்சியஸ் குறைந்தால் காற்றழுத்தம் ஏறக்குறைய ஒரு பி.எஸ்.ஐ. (டயர் அழுத்தத்தை அளக்கும் அலகு) குறையும்.

திரும்பி வந்ததும் காலணிகளின் அடிப்பாகத்தைப் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவுங்கள். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து போகிறவர்கள் இதைத் தவறவே விடாதீர்கள். காலணியில் ஒட்டிய மண்ணை அங்கே விமான நிலையத்திலேயே சோதிப்பார்கள். மலையேறப் போட்ட காலணி இருந்தால் அறிவிப்புப் படிவத்தில் குறிப்பிடுங்கள்.

படி 7: வீட்டை மூடிப் பாருங்கள்

பெரிய பயணத்துக்கு வீட்டை எப்படிப் பூட்டப் போகிறீர்களோ, விடுமுறைக்கும் அப்படியே பூட்டுங்கள். தண்ணீர் உறையும் ஊரென்றால் மெயின் வால்வை மூடி, குழாய்களைத் திறந்து குழாயில் நிற்கும் தண்ணீரை வடியவிடுங்கள். உறைந்த தண்ணீர் விரிந்து குழாயைப் பிளந்துவிடும். வீட்டைச் சூடாக்கும் ஹீட்டரை முழுக்க அணைக்காமல் குறைவாக வைப்பது பாதுகாப்பு. சாவியைக் கொடுக்கும் ஆளுக்கு வால்வு எங்கே இருக்கிறது என்று கையைப் பிடித்துக் கூட்டிப்போய்க் காட்டுங்கள். ‘சமையலறைக்குப் பின்னால்’ என்று வாயால் சொன்னால் போதாது. நாங்கள் அப்படிச் சொல்லிவிட்டுப் போனோம், அவர் அரை மணி நேரம் தேடியிருக்கிறார்.

ஃப்ரீசருக்கு ஒரு சின்ன வித்தை. ஒரு டம்ளரில் முக்கால் அளவு தண்ணீர் ஊற்றி உறையவிடுங்கள். உறைந்ததும் மேலே ஒரு நாணயத்தை வையுங்கள். திரும்பி வரும்போது நாணயம் மேலேயே இருந்தால் கவலையில்லை. பனிக்கட்டிக்குள் அடியில் கிடந்தால், நீங்கள் இல்லாதபோது மின்சாரம் நெடுநேரம் போயிருக்கிறது, உள்ளே இருப்பதை எல்லாம் கொட்டிவிடுங்கள். எங்கள் நாணயம் பாதி ஆழத்தில் இருந்தது. பிப்ரவரிக்கு ஃப்ரீசரைக் காலி செய்து, அணைத்து, கதவைத் திறந்தே வைத்துவிட்டுக் கிளம்பினோம்.