தேசியப் பூங்காவின் துணை அமைப்பில் வேலையா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

அமெரிக்காவின் தேசியப் பூங்கா ஒன்றின் பார்வையாளர் மையத்துக்குள் நுழைந்தால் பெரும்பாலும் இரண்டு மேசைகள் இருக்கும். ஒன்றில் சாம்பல் நிறச் சட்டையும் தட்டைத் தொப்பியுமாக ரேஞ்சர் நிற்பார். இன்னொன்றில் வரைபடமும் புத்தகமும் விற்பவர் இருப்பார். வருகிறவர்களுக்கு இருவரும் ஒன்றுதான். யார் முதலில் கண்ணில் படுகிறாரோ அவரிடம் கேட்பார்கள்: “மேலே போகிற பாதை திறந்திருக்கிறதா? குழந்தையைக் கூட்டிக்கொண்டு போகலாமா?”

புத்தக மேசைக்காரருக்கு அந்தப் பாதை நன்றாகத் தெரியும். நேற்று மாலைதான் நடந்துவிட்டு வந்தார். “தாராளமாகப் போகலாம்” என்று சொல்லிவிடுகிறார். இரவில் குளிர் இறங்கி மேல் வளைவு உறைந்துபோனதும், காலையில் ரேஞ்சர்கள் பாதையை மூடியதும் அவர் காதுக்கு இன்னும் வரவில்லை.

அவர் அரசு ஊழியர் இல்லை. பூங்காவுக்குத் துணையாக இயங்கும் லாபநோக்கற்ற அமைப்பு ஒன்றில் சம்பளம் வாங்குகிறவர். இப்படிப்பட்ட அமைப்புகளுக்கு நீண்ட வரலாறு உண்டு. இந்தப் பூங்காக்களை நடத்தும் அரசு அமைப்பான தேசியப் பூங்காச் சேவை தொடங்கியது 1916இல். ஏழே ஆண்டுகளில், 1923இல், யோசெமிட்டி பூங்காவில் அருங்காட்சியகத்துக்காக ஒரு துணைச் சங்கம் உருவாகிவிட்டது. நாடு முழுவதற்குமான தேசியப் பூங்கா அறக்கட்டளையை 1967இல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸே சட்டம் போட்டு அமைத்தது. கோல்டன் கேட் பூங்காக்களுக்கான கன்சர்வன்சி என்ற துணை அமைப்பு 1981இலும், அக்கேடியா பூங்காவின் நண்பர்கள் அமைப்பு 1986இலும் வந்தன. நிதி திரட்டுவது, புத்தகக் கடை நடத்துவது, வகுப்பு எடுப்பது, தன்னார்வலர்களை ஒருங்கிணைப்பது என்று பல வேலைகள் இவர்கள் கையில் இருக்கின்றன.

நானும் இப்படி ஒரு அமைப்பில் சில ஆண்டுகள் வேலை பார்த்தவன். அங்கே நான் பார்த்த தவறுகளில் பெரும்பாலானவை சோம்பலாலோ கெட்ட எண்ணத்தாலோ வந்தவை அல்ல. பூங்காவின் மேல் இருக்கும் பாசத்தில், இது யாருடைய பூங்கா, முடிவெடுப்பவர் யார் என்பது மறந்துபோகிறது. அங்கேதான் கோளாறு தொடங்குகிறது.

முதல் தவறு மேசையில் நடந்ததுதான். பாதை, வானிலை, கரடி நடமாட்டம், அனுமதிச் சீட்டு பற்றி யார் கேட்டாலும் தெரிந்ததை வைத்துப் பதில் சொல்லாதீர்கள். அன்று காலை ரேஞ்சர்கள் எழுதிவைத்த நிலவரத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். இல்லையென்றால் “ஒரு நிமிஷம், கேட்டுச் சொல்கிறேன்” என்று எழுந்து போங்கள். இதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை. உடைக்கும் இதுவே பொருந்தும். சீருடை மாதிரி தோன்றும் சட்டை வேண்டாம். பூங்காச் சேவையின் அம்புமுனைச் சின்னத்தை அனுமதி வாங்காமல் துண்டறிக்கையிலோ தேநீர்க் கோப்பையிலோ அச்சடிக்கக் கூடாது. அதைச் சட்டமே பாதுகாக்கிறது.

“செய்துவிடலாம்” என்ற சொல்

இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தத் தவறை நானே செய்திருக்கிறேன்.

ஒரு பெண்மணி தொலைபேசியில் அழைத்தார். அவருடைய அப்பா நாற்பது வருடம் அந்தப் பூங்காவுக்குத்தான் விடுமுறைக்கு வந்தாராம். ஏரி தெரிகிற ஒரு திருப்பத்தில் அப்பா பெயரில் ஒரு பெஞ்ச் போட வேண்டும், எவ்வளவு செலவானாலும் சரி என்றார். பேசும்போதே அழுதார். நான் “கண்டிப்பாகச் செய்துவிடலாம் அம்மா” என்று சொல்லிவிட்டேன். அந்த நேரத்தில் வேறு எதுவும் சொல்ல வாய் வரவில்லை.

பூங்கா அலுவலகம் முடியாது என்றது. அவர்கள் சொன்னதில் தவறே இல்லை. பூங்கா நிலத்தில் ஒருவர் பெயரைப் பொறித்து எதையாவது வைப்பதில் பூங்காச் சேவையின் கொள்கை மிகக் கண்டிப்பானது. ஆசைப்பட்ட எல்லோருக்கும் ஒரு பெஞ்ச் என்று ஆரம்பித்தால் ஏரிக்கரையில் பெயர்ப்பலகைதான் மிஞ்சும். பெயரில்லாத வெறும் பெஞ்ச் என்றாலும் அதற்குக் குழி தோண்ட வேண்டும். அதற்கு முன் சுற்றுச்சூழல் பரிசீலனை, மண்ணுக்கடியில் தொல்பொருள் இருக்கிறதா என்ற பார்வை, வரலாற்றுச் சின்னங்களுக்கான 1966ஆம் ஆண்டுச் சட்டப்படியான பரிசீலனை எல்லாம் உண்டு. நான் திரும்ப அழைத்து இதைச் சொன்னபோது அந்தப் பெண்மணி கோபப்படவில்லை. “அப்படியானால் ஏன் சரி என்று சொன்னீர்கள்?” என்று மட்டும் கேட்டார்.

அதற்கப்புறம் நான் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். நன்கொடையாளர் எதைக் கேட்டாலும் முதலில் அவரைப் பேச விடுவேன். பிறகு, “பூங்காவில் என்ன முடியும் என்று கேட்டுவிட்டு இந்த வாரத்துக்குள் உங்களை அழைக்கிறேன்” என்பேன். சொன்னபடி அழைப்பேன். பூங்கா ஏற்கெனவே ஒப்புதல் கொடுத்த திட்டங்களின் பட்டியலைப் பக்கத்திலேயே வைத்திருப்பேன். அப்பாவின் நினைவாக அந்த ஏரிப்பாதையின் கற்படிகளைச் செப்பனிட நிதி கொடுக்கலாம், ஒரு கோடைப் பருவம் முழுக்கப் பள்ளிப் பிள்ளைகளை அங்கே அழைத்து வரலாம் என்று சொன்னால் பலர் முகம் மலர்ந்து ஒத்துக்கொள்கிறார்கள். அஸ்தி தூவ வேண்டும் என்று கேட்பவர்களும் உண்டு. அதற்கும் பூங்காவின் அனுமதி வேண்டும், நாம் வாயால் கொடுக்கக்கூடியது அல்ல.

பணம் கேட்பது யார்?

பூங்காவில் வேலை செய்யும் ரேஞ்சர் நன்கொடை கேட்கக் கூடாது. நன்கொடைகள் பற்றிய பூங்காச் சேவையின் 21ஆம் எண் இயக்குநர் ஆணையைப் புதிதாகச் சேருகிற ஒவ்வொருவரும் முதல் வாரத்திலேயே படித்துவிடுவது நல்லது. ரேஞ்சர் நன்கொடையாளர்களை ஒரு பாதையில் அழைத்துப்போய் இங்கே என்ன சிதைந்திருக்கிறது என்று காட்டலாம். “அதற்கு நீங்கள் உதவ முடியுமா?” என்ற கேள்வி நம் வாயிலிருந்துதான் வர வேண்டும். விருந்து மேடையில் உற்சாக மிகுதியில் ஒலிவாங்கியை ரேஞ்சர் கையில் கொடுத்து “நீங்களே கேளுங்கள்” என்று சொல்லிவிடுகிறோம். அவரைத்தான் அது மாட்டிவிடும்.

மதிய உணவும் இப்படித்தான். ஒரே இடத்திலிருந்து ஒரு தடவைக்கு 20 டாலர், ஆண்டுக்கு மொத்தம் 50 டாலர், அதற்குள் இருக்கும் சிறு பரிசுகளைத்தான் கூட்டாட்சி ஊழியர் பொதுவாக வாங்கிக்கொள்ளலாம். பூங்காக் கண்காணிப்பாளருடன் பேச ஓட்டலுக்குப் போனால் அவர் சாப்பாட்டுக்கு அவரே காசு கொடுக்கட்டும். பில்லை நீங்கள் எடுத்துக்கொள்ளத் துடிக்காதீர்கள்.

வந்த பணத்திலும் கவனம் வேண்டும். ஒருவர் பாதைக்கு என்று கொடுத்த பணம் பாதைக்குத்தான். அந்த மாதம் சம்பளம் கொடுக்கக் கையில் காசில்லை, அடுத்த மாதம் திரும்ப வைத்துவிடலாம் என்று அதில் கை வைப்பது மெதுவாக ஒரு அமைப்பையே சாய்த்துவிடும். 250 டாலருக்கும் அதற்கு மேலும் கொடுத்தவருக்கு வரிச்சலுகைக்கான கடிதம் எழுத்தில் போக வேண்டும். பதிலுக்கு நாம் ஏதாவது பொருளோ சேவையோ கொடுத்தோமா என்பதும் அதில் இருக்க வேண்டும். தேர்தல் வேட்பாளர் யாரையும் அமைப்பின் பெயரில் ஆதரிக்கவோ எதிர்க்கவோ கூடாது.

அரசு செய்ய வேண்டியதை நாம் செய்துவிடுவது

இது கஷ்டமான விஷயம். 2018 டிசம்பர் 22 முதல் 2019 ஜனவரி 25 வரை, 35 நாட்கள், நிதி ஒதுக்கீடு நின்றுபோனதால் அமெரிக்க அரசுப் பணிகள் பகுதியளவு முடங்கின. கிரேட் ஸ்மோக்கி மலைகள் போன்ற இடங்களில் பார்வையாளர் மையங்களைத் திறந்துவைக்கத் துணை அமைப்புகள் கைப்பணம் போட்டன. அந்த நேரத்தில் அது சரியான உதவிதான். ஆனால் ஆபத்துக்குச் செய்த உதவி வழக்கமாகிவிடக் கூடாது. பூங்காச் சேவையில் தள்ளிப்போடப்பட்ட பராமரிப்பு வேலைகளின் மதிப்பு 2,000 கோடி டாலருக்கு மேல். 2020இல் வந்த சட்டம் அதற்காக ஐந்து ஆண்டுகளுக்கு, ஆண்டுக்கு 130 கோடி டாலர் வரை ஒதுக்கியும் அந்தப் பள்ளம் மூடவில்லை. கழிப்பறை சுத்தம் செய்யவும் குழாய் மாற்றவும் நன்கொடையே போய்க்கொண்டிருந்தால், அந்தச் செலவு தங்களுடையது என்பதையே நிதி ஒதுக்குகிறவர்கள் மறந்துவிடுவார்கள்.

எனக்குப் பிடித்த முன்மாதிரி யோசெமிட்டியின் மாரிபோசா தோப்பு. ராட்சத செக்கோயா மரங்களின் வேர்களுக்கு மேலேயே வண்டி நிறுத்துமிடமும் தார்ப்பாதையும் இருந்தன. சுமார் 4 கோடி டாலர் வேலை. பாதியை யோசெமிட்டி கன்சர்வன்சி திரட்டியது, மீதி அரசுப் பக்கத்திலிருந்து வந்தது. தாரைப் பெயர்த்து எடுத்தார்கள், தண்ணீர் பழையபடி வேருக்கு ஓடியது, 2018 ஜூனில் தோப்பு மறுபடி திறந்தது. இரண்டு பக்கமும் கை போட்டதால் யாரும் யாருடைய பொறுப்பையும் விழுங்கவில்லை.

எழுதும்போதும் படம் போடும்போதும்

நன்கொடைக் கடிதம் எழுதுகிறவர்களுக்கு “மனிதக் கால் படாத நிலம்” என்ற வரி மேல் ஒரு மயக்கம் உண்டு. தயவுசெய்து எழுதாதீர்கள். யெல்லோஸ்டோனோடு இன்றும் தொடர்புள்ள பூர்வகுடி இனங்கள் 27 என்று பூங்காச் சேவையே சொல்கிறது. யோசெமிட்டிப் பள்ளத்தாக்கு அவானீச்சி மக்களின் வீடு. 1872இல் யெல்லோஸ்டோன் பூங்காவானதற்கு முன்னால் அங்கே வெறுமை இருக்கவில்லை. அந்த மக்களின் வாரிசுகளும் உங்கள் கடிதத்தைப் படிப்பார்கள். அவர்களைப் பற்றி எழுதுவதாக இருந்தால் அவர்களிடமே கேட்டு எழுதுங்கள்.

படம் இன்னொரு பொறி. யெல்லோஸ்டோனில் கரடிக்கும் ஓநாய்க்கும் 100 கெஜம், காட்டெருமைக்கும் எல்க் மானுக்கும் 25 கெஜம் தள்ளி நிற்க வேண்டும். உங்கள் புகைப்படக்காரர் பெரிய லென்ஸ் வைத்து நூறு கெஜத்துக்கு அப்பாலிருந்துதான் எடுத்திருப்பார். பார்க்கிறவருக்குக் கரடி கைக்கெட்டும் தூரத்தில் நிற்கிற மாதிரி தெரியும். அதைப் பார்த்துவிட்டு அவர் தன் கைப்பேசியோடு கிட்டே போவார். படத்துக்குக் கீழே எவ்வளவு தூரத்திலிருந்து எடுத்தது என்று ஒரு வரி போடுங்கள். யாருக்கும் தெரியாத ஒரு சிறு அருவியின் சரியான இடத்தைக் குறித்துப் போடவே போடாதீர்கள். மூன்றே வாரத்தில் ஒரு நீரோடைக் கரையின் பாசி முழுக்க மிதிபட்டு வெறும் சேறாகக் கிடந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

வேலை செய்கிறவர்களை மறந்துவிடுவது

நிர்வாகத்தில் இருப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். “இவ்வளவு அழகான இடத்தில் வேலை, சம்பளம் குறைந்தால் என்ன?” என்று நினைக்காதீர்கள். பூங்கா வாசல் ஊர்களில் வீடுகளெல்லாம் சுற்றுலா வாடகைக்குப் போய்விட்டன. கடையில் நிற்கும் பெண் காரில் தூங்குவதாகத் தெரியவந்தால் அது அமைப்பின் பிரச்சினை. அக்கேடியாவில் பருவகாலப் பணியாளர்கள் தங்குவதற்கு நண்பர்கள் அமைப்பே பணம் போட்டு ஏற்பாடு செய்கிறது. அது நன்கொடையாளர்களிடம் கேட்கத் தகுந்த செலவுதான்.

ஆட்கள் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாறுவார்கள். போகிறவர் தலைக்குள் இருப்பதும் கூடவே போய்விடும். அதனால் கிளம்புகிறவரை ஒரு நாள் முழுக்க உட்கார வைத்து எழுதச் சொல்லுங்கள். எந்தக் காசோலை எந்தப் பாதைக்கு மட்டும் வந்தது, பூங்காவில் எந்த ஒப்புதல் யார் மேசையில் நிற்கிறது, எந்த நன்கொடையாளருக்குக் கடிதம் பிடிக்காது, தொலைபேசியில்தான் பேச வேண்டும், யாரிடம் எதைச் செய்கிறோம் என்று சொல்லியிருக்கிறோம். ஏரிக்கரையில் பெஞ்ச் கேட்ட பெண்மணி பெயரை நானும் அப்படித்தான் எழுதிவைத்துவிட்டு வந்தேன். பக்கத்தில், அவர் ஒவ்வொரு அக்டோபரிலும் வருவார், கற்படிகள் வரை கூடவே நடந்து போங்கள் என்று.