பச்சைக் கரைப் புடவையும் கிரீன் மேட்டும்

கும்பகோணத்தில் 11 வருஷமாகக் கல்யாண வீடியோ எடிட் செய்கிறேன். போன தை மாதம் ஒரு ஷாட் கைக்கு வந்தது. கிரீன் மேட் என்கிற பச்சைத் துணி முன்னால் மணப்பெண் நிற்கிறாள்; பின்னணியில் தாராசுரம் கோவிலின் கல்தேர் மண்டபம் வர வேண்டும். மாம்பழ மஞ்சள் பட்டு, கரை மட்டும் கிளிப்பச்சை. தலையில் நான்கு முழம் மல்லி. இப்படிப் பச்சையை மறைத்து வேறு பின்னணி வைப்பதைத்தான் கீயிங் என்கிறோம். கீயிங்கில் வரக்கூடிய எல்லாச் சிக்கலும் அந்த ஒரே ஷாட்டில் இருந்தது. அதை வைத்தே சொல்கிறேன்.

நான் பயன்படுத்தும் எடிட்டிங் மென்பொருள் பிரீமியர் ப்ரோ. கீழ் டிராக்கில் கோவில் படம், மேல் டிராக்கில் பெண். முதலில் பெண்ணைச் சுற்றித் தாராளமாக ஒரு மாஸ்க் வரைந்துவிடுங்கள்; அந்தக் கோட்டுக்குள் இருப்பது மட்டும்தான் தெரியும். லைட் ஸ்டாண்டு, மேட்டின் சுருக்கம், இருட்டு மூலை எல்லாம் அதிலேயே போய்விடும். அப்புறம் பச்சையை மறைக்கும் அல்ட்ரா கீ எஃபெக்டைப் போட்டு, நிறம் எடுக்கும் குழாயைத் தலைமுடிக்குப் பக்கத்தில் உள்ள பச்சையில் வையுங்கள். மூலையில் வைக்காதீர்கள், முடியோரம் சுத்தமாக வருவதுதான் முக்கியம்.

உடனே அவுட்புட்டை ஆல்ஃபா சேனலுக்கு மாற்றுங்கள். இதை விடவே கூடாது. கலர் படத்தைப் பார்த்துக் கீ சரிசெய்தால் கண் ஏமாறும். ஆல்ஃபாவில் கறுப்பு என்றால் மறைந்தது, வெள்ளை என்றால் நிற்பது, சாம்பல் என்றால் அரைகுறை. பின்னணியில் புள்ளிப் புள்ளியாகச் சாம்பல் தெரிந்தால் அல்ட்ரா கீயில் உள்ள பெடஸ்டல் ஸ்லைடரைக் கொஞ்சம் ஏற்றுங்கள். உடம்புக்குள் இருட்டான இடங்களில் ஓட்டை விழுந்தால் ஷேடோ ஸ்லைடரை ஏற்றுங்கள். ஒவ்வொன்றாக, மெதுவாக.

என் ஷாட்டில் புடவைக் கரை முழுக்கக் கறுப்பு. அதாவது கரை வழியாகக் கல்தேர் தெரிகிறது! இதற்கு எந்த ஸ்லைடரும் உதவாது. அதே கிளிப்பை மூன்றாவது டிராக்கில் நகலெடுத்து, கீயை நீக்கிவிட்டு, கரையை மட்டும் மாஸ்க் வரைந்தேன். ஓரம் மென்மையாகக் கலக்க மூன்று பிக்சல் ஃபெதர். பெண்ணின் அசைவோடு மாஸ்க்கும் நகர மாஸ்க் டிராக்கிங் ஓடவிட்டும், மேட்டோடு ஒட்டித் தெரியும் வெளி ஓரத்தைக் கையால்தான் திருத்த வேண்டியிருந்தது. அரை நாள் போனது. பச்சை உடுத்துகிறார்கள் என்று முன்பே தெரிந்தால் நீல மேட் கட்டச் சொல்லிவிடுங்கள். கேமரா சென்சாரில் நாலு புள்ளிக்கு இரண்டு பச்சை என்பதால்தான் பச்சை மேட்டில் இரைச்சல் (படத்தில் தெரியும் புள்ளிகள்) குறைகிறது. பட்டுக்காக அந்த லாபத்தை விட்டுக்கொடுக்கலாம்.

மல்லிப்பூ வேறு கதை. வெள்ளை இதழ் மேட்டின் பச்சையை அப்படியே வாங்கிக்கொள்ளும். ஓரத்தை உள்பக்கமாகச் சுருக்கும் சோக்கை ஏற்றினால் பச்சை ஓரத்தோடு பூவும் சுருங்கி, சரம் மொட்டையாகத் தெரியும். அதனால் இரண்டு கீ போட்டேன்: உடம்புக்கு இறுக்கமாக ஒன்று, தலைக்கு மட்டும் மாஸ்க் போட்டுத் தளர்வாக இன்னொன்று. தலைக் கீயில் சோக் பூஜ்யம். இதழோரத்துச் சாம்பலை நான் தொடவில்லை; அந்தச் சாம்பல் இருந்தால்தான் பூ பின்னணியோடு ஒட்டும். ஓரத்தில் படிந்த பச்சையை நீக்கும் ஸ்பில் சப்ரஷனைப் பூவில் பச்சை போகும் அளவுக்கு மட்டும் ஏற்றுங்கள். அதற்கு மேல் போனால் மல்லி வாடியது போல ஆகிவிடும்.

ஷூட்டிங்கிலேயே பாதி வேலையை முடிக்கலாம். ஆளை மேட்டிலிருந்து ஆறடியாவது தள்ளி நிறுத்துங்கள். கேமராவில் ஷார்ப்னஸைக் குறையுங்கள். நிறத் தகவலைக் கூடுதலாகப் பதியும் 4:2:2 வசதி இருந்தால் அதில் எடுங்கள். 4:2:0-வில் நான்கு பிக்சலுக்கு ஒரே நிறத் தகவல்தான், முடியோரம் படிக்கட்டாக வரும்.

பெண்ணை மட்டும் தனியாக ஏற்றுமதி செய்ய வேண்டுமானால் ப்ரோரெஸ் 4444 என்ற வீடியோ வடிவத்தில், ஆல்ஃபாவோடு. வழக்கமான எச்.264 எம்பி4-இல் ஊடுருவும் தன்மை தங்காது.

கீ சுத்தமாக வந்த பிறகும் ஏதோ ஒட்டவில்லை. பார்த்தால் ஸ்டூடியோவில் லைட் இடப்பக்கம்; நான் காலையில் எடுத்த கோவில் படத்தில் வெயில் வலப்பக்கம். படத்தைக் கண்ணாடி போலத் திருப்பிப் போடலாம்தான். ஆனால் அந்தத் தேர்ச் சக்கரத்தையும் குதிரையையும் பார்த்தே வளர்ந்த ஊர் இது. சாயங்காலம் மறுபடி தாராசுரம் போய், வெயில் இடப்பக்கம் சாய்ந்த பிறகு எடுத்து வந்தேன்.