கராஜ் நிறைய வாகனம், கையில் காசில்லையா? முதலில் முழுதாகக் கழற்றுங்கள்

தெமட்டகொடையில் எங்களுடையது நான்கு வாகனம் நிற்கக்கூடிய டிங்கரிங், பெயின்ட் கராஜ். இடம் எப்போதும் நிரம்பியிருக்கும். ஆனால் வாடகையும் சம்பளமும் கொடுத்தால் மாதக் கடைசியில் மிச்சம் இராது. ஒரு மாதம் கொப்பி போட்டு எழுதிப் பார்த்தேன்: ஒவ்வொரு வாகனமும் எத்தனை நாள் நின்றது, அதில் எத்தனை மணித்தியாலம் கை பட்டது? ஒரு டொயோட்டா அக்சியோ கார் 11 நாள் நின்றிருந்தது. வேலை நடந்ததோ 16 மணித்தியாலம், அதாவது 2 நாள்.

மாதம் 24 வேலை நாள் என்று வையுங்கள். ஒரு வாகனத்துக்கு 8 நாள் எடுத்தால் நான்கு இடத்தில் 12 வாகனம் முடியும். 6 நாளில் முடித்தால் 16. வாடகை அதேதான், ஆட்களும் அதே ஆட்கள்தான்.

படி 1: பலகை

வாசலில் ஒரு வெள்ளைப் பலகை மாட்டுங்கள். வாகன இலக்கம், வந்த நாள், கொடுக்கும் நாள், இப்போது எதற்காக நிற்கிறது. நான்கு பத்தி போதும். இதற்கு ஆப் வேண்டாம் என்பது என் கருத்து. கையில் பள்ளம் நிரப்பும் புட்டிப் பசையோடு நிற்கும் பாஸ் (கைவினைஞர்) போனைத் திறந்து பார்க்க மாட்டார், பலகையைப் பார்ப்பார்.

படி 2: கழற்றிவிட்டு எஸ்டிமேட்

நான் சறுக்கியது இங்கேதான். அந்த அக்சியோவுக்கு வெளியிலிருந்து பார்த்து "பம்பர், வலது ஹெட்லைட், மட்காட்" என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். பெயின்டும் அடித்தாயிற்று. பூட்டப் போனால் ஹெட்லைட் உட்காரவில்லை. உள்ளே ரேடியேட்டர் சப்போர்ட், அதாவது ரேடியேட்டரைத் தாங்கும் முன்சட்டம், விரலளவு பின்னால் தள்ளியிருந்தது, பம்பர் பிராக்கெட்டும் வெடித்திருந்தது. திரும்ப பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளுக்கு ஓட்டம், திரும்ப வாடிக்கையாளரிடம் விலை பேச்சு. அடித்த மட்காட்டையும் கழற்ற வேண்டி வந்தது.

இப்போது அடிபட்ட பக்கத்தை முழுதாகக் கழற்றாமல் விலை எழுதுவதே இல்லை. கிளிப், பிராக்கெட், வயர் சொக்கெட் எல்லாவற்றையும் படம் எடுத்து, ஒரே பட்டியலாக எழுதுகிறேன். ஒரு வாகனத்துக்கு ஒரு மூடி போட்ட பெட்டி. நட்டும் கிளிப்பும் அதற்குள் போய்விட வேண்டும், வெளியே இலக்கம் ஒட்ட வேண்டும். இதற்கு அரை நாள் போகும், போகட்டும்.

படி 3: சாமான் வராமல் தொடங்காதீர்கள்

சாமான் வந்ததும் பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்துத் துளைக்குத் துளை ஒப்பிடுங்கள். ரீகண்டிஷன் (பாவித்த) சாமானில் பக்கமும் மொடலும் மாறி வருவது சகஜம். வாகனம் ஓடக்கூடியதென்றால் தற்காலிகமாகப் பூட்டிக் கொடுத்துவிட்டு, எல்லாம் சேர்ந்த பிறகு கூப்பிடுங்கள். அந்த இடத்தில் இன்னொரு வேலை முடிந்துவிடும்.

படி 4: பெயின்ட்

கண்மதிப்பில் கலக்காதீர்கள். ஹார்ட்னர் (இறுக வைக்கும் திரவம்) சேர்த்த பெயின்டைத் திரும்ப டப்பாவில் ஊற்ற முடியாது, மிஞ்சினால் காசு வடிகாலில். ஒரு டிஜிட்டல் தராசு வாங்குங்கள். என் கராஜில் ஸ்ப்ரே கன்னுக்கு அடுத்தபடியாகப் பெறுமதியான கருவி அதுதான். கம்ப்ரஸர் டாங்கியின் தண்ணீரைக் காலையில் திறந்துவிடுங்கள். கொழும்புக் காற்றின் ஈரம் எல்லாம் அங்கேதான் சேர்கிறது. அது பெயின்டில் ஏறினால் இரண்டாம் தடவை உங்கள் செலவில் அடிக்க வேண்டும்.

பின்சேர்க்கை: இதைப் படித்த ஒரு தம்பி காப்புறுதி வேலையில் மாட்டிக்கொண்டார். காப்புறுதிக் கம்பனிக்காகச் சேதத்தை மதிப்பிடும் அசெசர் பார்க்கும் முன்பே கழற்றிவிட்டதால், உள்ளே இருந்த சேதம் இந்த விபத்தில் வந்ததா என்று கேள்வி வந்திருக்கிறது. ஆகவே காப்புறுதி வாகனம் என்றால் முதலில் கம்பனிக்கு அறிவித்து, கழற்ற அனுமதி வாங்குங்கள். முடிந்தால் அசெசரைக் கழற்றிய நிலையிலேயே வந்து பார்க்கச் சொல்லுங்கள். உள்சேதத்தைப் படம் எடுக்கும்போது இலக்கத் தகடும் அதே படத்தில் விழட்டும்.