காங்ஷி பீங்கான் வாங்குகிறவர்கள் இடறும் இடங்கள்

கிண்ணத்தைக் கவிழ்க்கிறார்கள். ‘மாபெரும் சிங் வம்சத்துக் காங்ஷி ஆண்டுகளில் செய்தது’ என்று அடியில் ஆறு சீன எழுத்துகள் நீலத்தில் தெரிகின்றன. உடனே விலை பேசத் தொடங்கிவிடுகிறார்கள். தொடக்க காலச் சிங் அரச பீங்கான் சேர்ப்பவர்கள் செய்யும் முதல் தவறு இதுதான். சீனப் பேரரசர் காங்ஷியின் (1662–1722) பெயரை நம்பி ஏமாறுவது மிக எளிது.

அவர் ஆட்சியின் முதல் இருபது ஆண்டுகள், சீனாவின் பீங்கான் ஊரான ஜிங்தெசென்னின் சூளைகளுக்குப் பொல்லாத காலம். தளபதி வூ சான்குய் கிளப்பிய கலகத்தில் 1670களின் நடுவில் ஊரே சீரழிந்தது. 1683இல் சாங் யிங்சுவான் மேற்பார்வைக்கு வந்த பிறகுதான் அரச சூளைகள் ஒழுங்காக எரியத் தொடங்கின. இடையில், 1677இல், உள்ளூர் அதிகாரி ஒருவர் பீங்கானில் பேரரசர் பெயரை எழுதவே தடை போட்டார். பாத்திரம் உடைந்து குப்பைக்குப் போனால் பெயருக்கு இழுக்காம். அதனால் அந்தக் காலத்து நல்ல பீங்கான் பலவற்றின் அடியில் வெறும் இரட்டை வட்டமோ ஓர் இலையோதான் இருக்கிறது. சிலவற்றில் இருநூறு ஆண்டு முந்தைய மிங் பேரரசர் செங்ஹுவாவின் பெயர் இருக்கும். அதை மோசடி என்று தள்ளிவிடாதீர்கள், பழைய கைத்திறனுக்குச் செய்த மரியாதை அது. மறுபக்கம், 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பேரரசர் குவாங்சு காலத்தவர்கள் காங்ஷியின் பெயரைத் தாராளமாக எழுதித் தள்ளினார்கள். நீலத்தில் நான்கே எழுத்தாகக் காங்ஷி பெயர் இருந்தால் முதலில் அவர்களைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

எழுத்தை விட்டுவிட்டு அடி வளையத்துக்கு வாருங்கள். மெருகு படாத அந்தக் குறுகிய விளிம்பில்தான் களிமண் வெளியே தெரியும். நல்ல அரச பீங்கானில் அது வெளுப்பாக, நெருக்கமாக, விரலுக்கு மாவுபோல் இருக்கும். காங்ஷிக்கு அடுத்து வந்த யோங்ஜெங் காலத்து (1723–1735) விளிம்பு உருண்டு திரண்டிருப்பதால் சீனர்கள் அதை அயிரை மீனின் முதுகு என்பார்கள். அயிரையைக் கையில் பிடித்தவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டாம்.

அழுக்கைப் பழமை என்று எண்ணுவது அடுத்த தவறு. ஜிங்தெசென்னில் இருந்த பிரெஞ்சுப் பாதிரியார் தாந்த்ரெகோல் 1712இல் எழுதிய கடிதத்தில் இதற்கு ஒரு செய்முறையே இருக்கிறது. புதிய பாத்திரத்தைக் கோழியும் இறைச்சியும் வெந்த கொழுப்புச் சாற்றில் போட்டெடுத்து, பிறகு ஒரு மாதமோ அதற்கு மேலோ நாறும் சாக்கடையில் ஊறவிட வேண்டும். வெளியே எடுத்தால் முந்நூறு நானூறு வருடப் பொருளாகிவிடும்! காங்ஷி உயிரோடு இருக்கும்போதே நடந்த வேலை இது. இப்போது புதுப் பளபளப்பை மங்கச் செய்ய அமிலம் வந்துவிட்டது. உருப்பெருக்கியில் கீறல்களைப் பாருங்கள்: புழங்கித் தேய்ந்தவை நாலா பக்கமும் ஓடும், செயற்கையாகத் தேய்த்தவை ஒரே திசையில் போகும்.

நிறமும் காட்டிக்கொடுக்கும். தங்கத்திலிருந்து வரும் ரோஜா நிறப் பூச்சு காங்ஷியின் கடைசி ஆண்டுகளில்தான் தலைகாட்டியது. அவர் பெயரோடு, அந்த நிறம் வாரி இறைத்த பெரிய சாடி வந்தால் நிதானியுங்கள். செம்பு தரும் பீச் பழச் செந்நிறத்தின் கதை வேறு. 1886இல் நியூயார்க்கில் மேரி மார்கன் சேகரிப்பு ஏலத்தில் ஒரு சாண் உயரச் சாடி 18,000 டாலருக்குப் போய்ப் பரபரப்பானது. பெயர் பரவிய சரக்கை நகலெடுக்காமல் விடுவார்களா?

ஐரோப்பாவுக்குக் கப்பலேறிய நீல வெள்ளைச் சாடிகளை ‘அரச’ சரக்கென்று விற்பதும் உண்டு. அவை வணிகச் சூளைகளின் வேலை. அழகானவைதான், ஆனால் அரச விலை கொடுக்காதீர்கள்.

நான் ஏமாந்தது வாய் விளிம்பில். கிண்ணத்தைச் சுண்டிப் பார்க்கக் கூச்சப்பட்டு வாங்கிவிட்டேன். வீட்டில் சுண்டினால் கணீரென்று ஒலிக்கவில்லை, மண்பானைச் சத்தம். புற ஊதா விளக்கைக் காட்டியதும் ஒட்டவைத்த துண்டு பிறைபோலத் தனியாக ஒளிர்ந்தது.

இப்போது ஏலத்துக்கு முந்தைய பார்வை நாட்களுக்குத் தவறாமல் போகிறேன். கேட்டால் கையில் எடுத்துக் கவிழ்த்துப் பார்க்க விடுவார்கள். மோதிரத்தையும் கைக்கடிகாரத்தையும் கழற்றிவிட்டுப் போங்கள்.